பங்காளி வீட்டுச் சாவி: மீன் இருப்பும் மரபணு அடையாளங்களும்

நாம் கானாங்கெளுத்தி என்று சொல்லும் மீனுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்ட்டா. இதில் ‘கானகுர்ட்டா’ என்பது லத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல. நம் கிழக்குக் கரையோரத்துச் சொல். விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் அங்கே கிடைத்த 200 மீன்களைப் படத்தோடு விவரித்து 1803-இல் நூலாக வெளியிட்டார். கரையில் வழங்கிய பெயர்களையே அந்த மீன்களுக்கு எழுதினார். 1816-இல் பிரான்ஸ் நாட்டுக் குவியர் அந்தப் பெயரையே அறிவியல் பெயராக்கி விட்டார். கானகுர்ட்டாவும் கானாங்கெளுத்தியும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள் என்றே எனக்குப் படுகிறது. மொழியறிஞர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் ஒன்றாக இருந்தால் மீனும் ஒன்றா? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நான் தமிழ்ச் சமணன். எங்கள் வீட்டில் மீன் நுழைந்ததில்லை. ஆனால் சாத்தாம் துறையிலிருந்து படகேறி பாம்பூஃப்ளாட்டில் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் கடை வைத்தவன் மீன்காரர்களோடு பழகாமல் இருக்க முடியாது. அரிசி, பருப்பு வாங்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வரவு கடலிலிருந்துதான். கடலில் கிடைக்கவில்லை என்றால் என் கடன் நோட்டில் பக்கம் கூடும். அப்படி ஒருநாள் ராமநாதபுரத்துப் படகுக்காரர் ஒருவர் கேட்டார்: “ஐயா, தூத்துக்குடிப் பக்கம் பிடிக்கிற மீனும் நம்ம பக்கம் பிடிக்கிற மீனும் ஒண்ணுதானா? ஒண்ணுன்னா அங்க இருக்கிற சட்டம் இங்கயும் இருக்கட்டும். வேறன்னா நமக்கு ஏன் அதே தேதி?”

அவர் சொன்னது மீன்பிடித் தடைக்காலத்தை. கிழக்குக் கடற்கரை முழுவதற்கும், அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் சேர்த்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. சென்னைக்கும் இந்தத் தீவுகளுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. தேதி மட்டும் ஒன்று. இந்தியாவுக்கு உரிய பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட 30 சதவீதம், இந்தத் தீவுகளைச் சுற்றியே இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு 1.48 லட்சம் டன் மீன் எடுக்கலாம், அதில் சூரை வகைகள் மட்டும் 60,000 டன் இருக்கும் என்பது அரசின் மதிப்பீடு. ஆகவே படகுக்காரர் கேட்டது சின்னக் கேள்வி அல்ல. விடை தேடிப் படித்தபோது கிடைத்ததை நம் சங்க அன்பர்களுக்கு எளிமையாக எழுதுகிறேன்.

மீன்வளத் துறையார் ‘ஸ்டாக்’ என்று ஒரு சொல் சொல்கிறார்கள். கடைக்காரனுக்கு இதைவிடப் பழகிய சொல் வேறு இல்லை. தமிழில் ‘இருப்பு’. தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கிக்கொண்டு, தனக்கென வளர்ச்சியும் அழிவும் கொண்ட ஒரு மீன்கூட்டம் ஒரு இருப்பு. எனக்கு இரண்டு கிடங்கு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் உள்ள அரிசியைச் சேர்த்து ஒரே கணக்காக எழுதினால், ஒரு கிடங்கு காலியாகிக்கொண்டே வருவது நோட்டில் தெரியாது. மொத்தம் சரியாகத்தான் இருக்கும். ஒருநாள் கதவைத் திறந்தால்தான் தெரியும். கடலில் இதே தப்பு நடந்தால், ‘வங்கக் கடலில் மீன் நிறைய இருக்கிறது’ என்று அறிக்கை சொல்லும். நம் துறையில் வலை வெறும் வலையாக வரும். மாறாக, இருப்பது ஒரே கிடங்கு என்றால், நாம் மட்டும் கட்டுப்பாடாக இருந்து பயனில்லை. அடுத்த கரைக்காரர் எடுத்துவிடுவார்.

ஒரு கிடங்கா, இரண்டா என்று பார்க்க முன்பு மீனின் முள்ளை எண்ணினார்கள், செவுள் முள்வரிசையை எண்ணினார்கள், உடலை அளந்தார்கள், அடையாளத் தகடு குத்திக் கடலில் விட்டார்கள். இவை எல்லாம் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் தீனியும் தண்ணீரின் வெப்பமும் மாறினாலே உடல் அளவு மாறிவிடும். எனவே உடலுக்குள் எழுதியிருக்கும் எழுத்தையே படிப்பது என்று மரபணுவுக்குப் போனார்கள்.

மரபணு இழை ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தால் ஆன மிக நீண்ட எழுத்துத் தொடர். அதில் அங்கங்கே சில இடங்களில், நம் நாட்டுப்புறப் பாட்டில் ‘தந்தானே தந்தானே’ என்று திரும்பத் திரும்ப வருகிற மாதிரி, ‘சிஏ சிஏ சிஏ’ என்று ஒரே துணுக்கு அடுக்கி வரும். இதற்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். இந்த இடங்களுக்கு ஒரு குணம் உண்டு. செல் தன்னை நகலெடுக்கும்போது இங்கே எண்ணிக்கை தடுமாறும். 12 தடவை வரவேண்டியது 13 ஆகிவிடும், 11 ஆகிவிடும். அதனால் ஒரே இனத்து மீன்களிலேயே ஒன்றில் 12, இன்னொன்றில் 15, மற்றொன்றில் 20 என்று வகைவகையாக இருக்கும். ஒவ்வொரு மீனும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் ஆக இரண்டு எண்களை வைத்திருக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களைப் பார்த்து, தூத்துக்குடிக் கூட்டத்தில் எந்த எண் எத்தனை சதவீதம், அந்தமான் கூட்டத்தில் எத்தனை சதவீதம் என்று ஒப்பிட்டால், இரண்டும் கலந்து வாழ்கின்றனவா, தனித்தனியா என்று ஊகிக்கலாம். 1989-இல்தான் இந்த முறை உலகத்துக்கு வந்தது.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்து எடுப்பது? பி.சி.ஆர். என்றால் இப்போது யாருக்கும் விளக்கத் தேவையில்லை; கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதேதான். 1983-இல் காரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் கண்டது, 1993-இல் நோபல் பரிசு பெற்றது. வேண்டிய இடத்துக்கு இரு பக்கமும் உள்ள எழுத்துக்களோடு ஒட்டிக்கொள்ளும்படி சுமார் 20 எழுத்து நீளத்தில் இரண்டு சிறு துணுக்குகளைச் செய்வார்கள். இவை பிரைமர்கள். இரண்டு பிரைமர்களும் போய் ஒட்டிக்கொண்டால் நடுவே உள்ள பகுதி கோடிக்கணக்கில் பெருகும். ஒட்டாவிட்டால் ஒன்றும் வராது. பிரைமர்தான் சாவி, அது ஒட்டும் இடம்தான் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு மீன் இனத்துக்கும் புதிதாகச் சாவி செய்வது அந்த நாளில் பெரிய வேலை. மரபணுவைத் துண்டு துண்டாக்கி, பாக்டீரியாவில் ஏற்றி, ‘சிஏ சிஏ’ உள்ள துண்டைத் தேடிப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்து, பிரைமர் செய்து சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பணமும் அதற்கேற்ப. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விலை மதிப்புள்ள மீன்களுக்கு அதைச் செய்தார்கள். நம் ஆற்று மீனுக்கும் தீவு மீனுக்கும் யார் செய்வார்கள்?

அப்போதுதான் ‘பங்காளி வீட்டுச் சாவியைப் போட்டுப் பார்ப்போமே’ என்ற யோசனை வந்தது. திண்டுக்கல் பூட்டுக்காரர் ஒருவரே அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பூட்டுச் செய்திருந்தால், ஒரு வீட்டுச் சாவி மறுவீட்டிலும் திரும்பினாலும் திரும்பும். உயிர்களும் அப்படித்தான். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தது. எங்கள் சமண நூல்களும் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கின்றன. இன்றைய உயிரியல் வகுப்பது உறவால். ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரண்டு இனங்களில், நடுவிலுள்ள அடுக்கின் எண்ணிக்கை மாறியிருந்தாலும், இரு பக்கத்து எழுத்துக்கள் அதிகம் மாறாமல் இருக்கலாம். மாறாமல் இருந்தால் அண்ணன் சாவி தம்பி பூட்டைத் திறக்கும்.

இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் அதிசயம். 1991-இல் ஷ்லோட்டரர் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு திமிங்கில இனத்துக்குச் செய்த சாவிகள் மற்ற திமிங்கிலங்களிலும் ஓங்கில்களிலும் வேலை செய்வதைக் காட்டினார்கள். 1995-இல் கடலாமைகளில் 30 கோடி ஆண்டுப் பிரிவைத் தாண்டியும் இந்த இடங்கள் நிலைத்திருப்பதை ஃபிட்ஸிம்மன்ஸ் குழுவினர் கண்டார்கள். 1996-இல் ரிக்கோவும் அவர் கூட்டாளிகளும் மீன்களில் 47 கோடி ஆண்டுக்கால நிலைப்பு என்று தலைப்பே போட்டு எழுதினார்கள். ஆனால் அன்பர்கள் மயங்க வேண்டாம். சாவி திரும்புவது ஒன்று, கதவுக்குப் பின்னால் சரக்கு இருப்பது வேறு. தூரத்து உறவில் பூட்டு திறந்தாலும் உள்ளே எல்லா மீனுக்கும் ஒரே எண்ணாக இருந்தால் அந்த இடத்தால் பயன் ஏதுமில்லை. உறவு நெருங்க நெருங்கத்தான் பயன்.

ஓர் உயிரின் அடையாளம் இன்னோர் உயிரில் வேலை செய்த கதை நம் நாட்டிலும் உண்டு. பாம்புகளை ஆராய்ந்த லால்ஜி சிங், கட்டுவரியன் பாம்பின் மரபணுவிலிருந்து எடுத்த பகுதியில் ‘ஜிஏடிஏ ஜிஏடிஏ’ என்ற அடுக்கு இருப்பதைக் கண்டார். அது பாம்பில் மட்டுமல்ல, எலியிலும் மனிதரிலும் இருந்தது. அதைக் கருவியாகக் கொண்டே பின்னர் ஹைதராபாத் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தில் இந்தியாவுக்கான மரபணுக் கைரேகை முறை உருவானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உடல்களை அடையாளம் காணவும் அந்த மையம் உதவியது. முறை வேறு, பிரைமர் சாவி அல்ல அது. ஆனாலும் பாம்பின் எழுத்து மனிதர் வழக்கில் சாட்சி சொன்னது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மீனுக்கு வருவோம். நம் நாட்டில் இந்தக் கடன்சாவி முறையை முறையாகச் செய்தது லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபணு வள நிறுவனம். அதன் கொச்சிப் பிரிவில் கோபாலகிருஷ்ணனும் உடன் உழைத்தவர்களும் கேரள ஆறுகளில் வாழும் செவ்வால் கெண்டையை எடுத்துக்கொண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன் அது. அதற்கென்று சாவி கிடையாது. மற்ற கெண்டை இனங்களுக்கு வெளிநாட்டில் செய்த சாவிகளைப் போட்டுப் பார்த்துத் திறந்தவற்றை 2004-இல் வெளியிட்டார்கள். ஆற்றுக்கு ஆறு கூட்டம் வேறா என்று தெரியாமல் ஒரு ஆற்று மீன்குஞ்சை இன்னோர் ஆற்றில் விட்டுப் பெருக்கினால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தனியே வளர்ந்த இரண்டு குடும்பங்களைக் கலந்துவிட்டவர்கள் ஆவோம். பிறகு பிரிக்க முடியாது. அந்தக் கவலைக்காகச் செய்த வேலை இது.

கடலில் சூரை மீன்களுக்கு 1999-இல் ஜப்பானியர் டகாகியும் கூட்டாளிகளும் இதே வழியைக் காட்டினார்கள். பசிபிக் நீலத்துடுப்புச் சூரைக்காகச் செய்த சாவிகள் அதே பேரினத்தைச் சேர்ந்த மற்ற சூரைகளிலும் வேலை செய்தன. சூரைகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு. ஆகவே இது நடந்தது.

இதற்கும் முன்னால், 1989-இல், கோச்சரும் கூட்டாளிகளும் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் மரபணுவுக்கு ஏறத்தாழ எல்லா முதுகெலும்பு உயிர்களிலும் பொருந்தும் பொதுச்சாவிகளைச் செய்துவிட்டார்கள். அது தாய்வழி மட்டுமே வரும். மீன்களின் இனப் பெயரை உறுதி செய்ய இன்று செய்கிற ‘பார்கோடு’ முறையும் அந்த வழியில் வந்ததுதான். 2005-இல் ஆஸ்திரேலியாவில் 207 மீன் இனங்களையும், 2011-இல் நம் லக்னோ நிறுவனத்தார் இந்தியாவின் 115 கடல்மீன் இனங்களையும் இப்படிப் பதிந்தார்கள்.

இனி, கடன் சாவியால் வரும் தொல்லை. இதை விளக்காமல் புகழ்ந்து மட்டும் எழுதுவது சரக்கின் மேல்மூட்டையை மட்டும் காட்டி விற்பது போல.

அண்ணன் சாவி தம்பி வீட்டில் திரும்புகிறது, சரி. ஆனால் தம்பி மக்களில் சிலருக்குப் பூட்டில் ஒரு பல் தேய்ந்திருக்கிறது. அவர்களிடம் சாவி திரும்பாது. மரபணுவில், பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தால் அந்த வடிவம் சோதனையில் தெரியாது. இருக்கும், ஆனால் பேசாது. நான் இதை ‘ஊமை வடிவம்’ என்று சொல்வேன். தன் இனத்துக்கே செய்த சாவியிலும் இது வரலாம். கடன் சாவியில் அதிகம் வரும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தில் ‘120’ என்ற வடிவம் 40 சதவீதம், ‘124’ என்பது 40 சதவீதம், ஊமை வடிவம் 20 சதவீதம் என்று கொள்ளுங்கள். தாய் தந்தையர் கலப்பு இயல்பாக நடக்கிறது. 100 மீனைச் சோதித்தால் 120-ம் 124-ம் சேர்ந்து வைத்திருப்பவை 32. இரண்டுமே 120 ஆக இருப்பவை 16; ஒன்று 120, மற்றது ஊமை என்பவை இன்னொரு 16. சோதனையில் இந்த 32-ம் ‘120 மட்டும்’ என்றே தெரியும். இதே கணக்கில் ‘124 மட்டும்’ என்று 32 தெரியும். மீதி 4 மீனில் இரண்டுமே ஊமை, ஒன்றும் வராது. ‘சாம்பிள் கெட்டுப்போச்சு’ என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இப்போது ஆய்வாளர் கையில் 96 மீன். 120-ம் 124-ம் சரிபாதி போலத் தோன்றுகிறது. சரிபாதி என்றால் கலப்பு மீன்கள் 48 இருக்க வேண்டும். இருப்பதோ 32. மூன்றில் ஒரு பங்கு காணோம்!

உடனே என்ன எழுதுவார்? இந்தக் கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலப்பு நடக்கிறது, மீன் ஆபத்தில் இருக்கிறது என்று எழுதலாம். அல்லது இரண்டு வேறு இருப்புகள் கலந்து பிடிபட்டிருக்கின்றன என்று எழுதலாம். இரண்டும் நடக்கவில்லை. சாவிதான் சரியில்லை. நல்ல ஆய்வாளர் இதற்கென்றே கணிப்பு முறைகள் வைத்திருக்கிறார். சந்தேகப்பட்ட இடத்தை விலக்குவார், பிரைமரை மாற்றி மறுபடி செய்வார். ஒரு ஆய்வைப் படிக்கும்போது இந்தப் பரிசோதனை செய்தார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

இன்னொரு தொல்லை நுட்பமானது, எனக்குப் பிடித்ததும்கூட. 1995-இல் மனிதரின் அடுக்குகள் சிம்பன்சியின் அடுக்குகளைவிட நீளம் என்று ஒரு கட்டுரை வந்தது. மனிதர் வேகமாக மாறுகிறார் என்று பேச்சு. அதே ஆண்டில் சுவீடனின் எல்லெக்ரென் கேட்டார்: ‘சாவிகளை எந்த உயிரில் தேடினீர்கள்? மனிதரில்தானே?’ மனிதரில் தேடும்போது நீளமான, வகை மிகுந்த இடங்களைத்தானே பொறுக்கி எடுப்பார்கள்? அதே இடம் சிம்பன்சியில் குட்டையாகத்தான் இருக்கும். பிறகு 1997-இல் மாட்டையும் ஆட்டையும் வைத்து இரு பக்கமும் சோதித்தார்கள். மாட்டில் எடுத்த இடங்கள் மாட்டில் நீளம். ஆட்டில் எடுத்தவை ஆட்டில் நீளம். பொறுக்கியவன் வீட்டுப் பக்கமே தராசு சாய்ந்தது. எனவே கடன் சாவி போட்டு ‘நம் தீவு மீனில் மரபணு வகைமை குறைவு’ என்று யாராவது சொன்னால், குறைவு மீனிலா, சாவி பிறந்த இடத்திலா என்று கேட்க வேண்டும். ஒரே சாவியால் இரு கரை மீன்களையும் ஒப்பிடுவது வேறு; ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு ஒப்பிடுவது வேறு. முன்னது தகும். பின்னதில் எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது, இந்தத் தீவுக்கே உரிய ஒன்று. கானாங்கெளுத்திப் பேரினத்தில் மூன்று இனங்கள். அதில் குட்டைக் கானாங்கெளுத்தி, தாய்லாந்தில் ‘பிளா தூ’ என்று வாரி வாரிச் சாப்பிடுகிறார்களே, அது அந்தமான் கடலில் உண்டு. 1962-இல் நம் மண்டபம் முகாமில் சூரை, கானாங்கெளுத்தி வகைகளுக்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது. அதில் எஸ். ஜோன்ஸும் ஈ. ஜி. சைலாஸும் அந்தமான் கடல் கானாங்கெளுத்திகளைப் பற்றித் தனிக் கட்டுரையே அளித்தார்கள். குட்டை மீனுக்கு உடல் உயரத்தைப் போல் நீளம் ஏறத்தாழ 4 மடங்கு. சாதாரணக் கானாங்கெளுத்தி அதைவிட ஒல்லி. கூடையில் கொட்டியிருக்கும்போது யார் அளந்து பார்ப்பார்கள்? இரண்டும் ஒரே பெயரில் விலை போகும். கடன் சாவி இரண்டு இனத்திலும் திறக்கும். அதுதானே அதன் பெருமை! ஆகவே கலந்த கூடையிலிருந்து மாதிரி எடுத்தால், கலப்பு மீன்கள் குறைவாகத் தெரியும். மேலே ஊமை வடிவத்தால் வந்த அதே நோய்க்குறி, காரணம் மட்டும் வேறு.

சரி, இதுவரை நம் கடலில் என்ன கண்டார்கள்? கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் மெனேசஸ், கிரிஷ் குமார், குணால் ஆகியோர் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரே பகுதியை வைத்துப் பல சூரை இனங்களைப் பார்த்தார்கள். எலிச்சூரைக்கு இந்தியக் கரையோரம் மூன்று இருப்புகள் என்று 2012-இல் வெளியிட்டார்கள். மஞ்சள் துடுப்புச் சூரைக்கும் இந்தியக் கடல்களில் மூன்று இருப்புகள் என்று 2013-இல் எழுதினார்கள். ஆனால் கவகவா என்ற சூரைக்கு வேறுபாடு குறைவு, ஒரே இருப்பு என்று கருத இடமுண்டு என்றார்கள். ஒரே ஆய்வுக்கூடம், ஒரே முறை, பங்காளி மீன்கள். விடை மட்டும் இனத்துக்கு இனம் மாறுகிறது. சாவியைக் கடன் வாங்கலாம், விடையைக் கடன் வாங்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எலிச்சூரைக்குச் செய்த ஆய்வை வைத்துக் கவகவாவுக்குச் சட்டம் போடக் கூடாது.

இலங்கையைச் சுற்றியுள்ள கடலிலும் மஞ்சள் துடுப்புச் சூரையில் இடத்துக்கு இடம் வேறுபாடு இருப்பதற்கான சான்றை டம்மன்னகொட குழுவினர் 2008-இல் காட்டினார்கள். அதே சமயம் பெருங்கண் சூரையை இந்தியப் பெருங்கடலில் ஆராய்ந்த ஆஸ்திரேலியர்கள் 2002-இல் பிரிவினை ஏதும் தென்படவில்லை என்றார்கள். செஷல்ஸ் தீவில் தலைமையகம் கொண்ட இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் மஞ்சள் துடுப்புச் சூரையைப் பெருங்கடல் முழுவதற்கும் ஒரே இருப்பாக வைத்தே கணக்குப் போடுகிறது. அங்கே ஒரே பேரேடு, இங்கே மூன்று கிடங்கு!

‘பிரிவினை தென்படவில்லை’ என்ற தொடரில் ஒரு பொறி இருக்கிறது. நம்மையே எடுத்துக்கொள்வோம். பாம்பூஃப்ளாட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பெண்ணோ மாப்பிள்ளையோ ஊரிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால், முகமும் பேச்சும் ஊரோடு ஒட்டியே இருக்கும். அதற்காக ஊரில் இருப்பவர்கள் எல்லாம் இங்கே வந்து குடியேறிவிட்டார்கள் என்று ஆகுமா? மீனிலும் அப்படித்தான். சீவால் ரைட் என்ற அறிஞர் தந்த எளிய கணக்கின்படி, ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தலைமுறைக்கு ஒரே ஒரு மீன் போய்க் கலந்தால் பிரிவளவு 0.2 அளவில் நிற்கும். 10 மீன் போனாலே அது சுமார் 0.024 ஆகச் சுருங்கிவிடும். கடல் மீனில் இவ்வளவு சின்ன வேறுபாட்டைப் பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு கடன் சாவிகள் போதாமல் போகலாம். லட்சக்கணக்கான மீன் உள்ள கூட்டத்துக்குத் தலைமுறைக்கு 10 மீன் வந்தால் எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஆனால் நம் துறையில் வற்றிப்போன கிடங்கை அந்த 10 மீன் நிரப்பாது. ஆகவே வேறுபாடு தெரிந்தால் ‘இரண்டு கிடங்கு’ என்று துணிந்து சொல்லலாம், சாவியின் குறையைச் சோதித்த பிறகு. தெரியாவிட்டால் ‘ஒரே கிடங்கு’ என்று அதே துணிவோடு சொல்ல முடியாது. இதைத்தான் அந்தப் படகுக்காரரிடம் சொன்னேன். “அப்ப தேதியை மாத்த முடியாதா?” என்றார். தேதி என்பது மீன் எப்போது முட்டையிடுகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு மீனின் வயிற்றைக் கீறி மாதாமாதம் பார்க்க வேண்டும், மரபணு மட்டும் அதைச் சொல்லாது என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. நியாயம்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. முழு மரபணுத் தொகுதியையே படிக்கும் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. 2023-இல் கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் நெய்ச்சாளையின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தது. 100 கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்டது அது. அந்தந்த இனத்துக்கே ஆயிரக்கணக்கான ஓரெழுத்து அடையாளங்களை எடுக்க முடிகிறது. கடன் சாவிக்குத் தேவை குறைகிறது. ஆனால் எல்லா இனத்துக்கும் அது வந்து சேர நாளாகும், தீவுக் கடலில் இனங்களோ ஏராளம். அதுவரை பங்காளி வீட்டுச் சாவி வேலை செய்யும். அது வந்த பிறகும் மாதிரி எடுக்கும் முறை சரியில்லை என்றால் ஆயிரம் அடையாளமும் ஒன்றுதான்.

போர்ட் பிளேரில் (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜய புரம்) புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை புரூக்ஷாபாத்தில் இருக்கிறது. கரச்சராமாவில் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து அங்கே படிக்கப் போகிற பிள்ளைகள் இந்த வேலையை எடுத்தால், ஜங்லிகாட் இறங்குதளத்தில் கூடையிலிருந்து வாரி எடுக்காமல் ஒவ்வொரு மீனையும் அளந்து படம் எடுத்து, துடுப்பில் ஒரு துண்டு வெட்டிச் சாராயத்தில் போட்டு, எந்தப் படகு, எந்த இடம், என்ன தேதி என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். முதலில் பொதுச்சாவி போட்டு இனத்தை உறுதி செய்ய வேண்டும், பிறகுதான் கடன் சாவி. ஒன்றும் வராத மீன்களைத் தூக்கிப் போடாமல் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். இதே மாதிரி தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும், முடிந்தால் தாய்லாந்துக் கரையிலும், ஒரே மாதங்களில் எடுக்க ஆள் வேண்டும். தீவுக்குப் பக்கத்துக் கரை எது என்று வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். நம் கானாங்கெளுத்திக்குச் சென்னையைவிட ரனோங் பக்கம்.